உப்புக்காற்றுக்கு எது தாங்கும்: பென்டாக்ஸ் கே1000-ஆ, யாஷிகாமேட் 124ஜி-யா?

ஃபிலிமில் எடுத்த படங்களை நாலு பேர் உட்கார்ந்து பார்க்கும்போது பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதில்தான் வந்து நிற்கிறது. ராமநாதபுரத்தில் எங்கள் கூட்டத்திலும் அதே கதைதான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை ஏற்கெனவே மனதில் வைத்திருக்கிறார்கள்: பென்டாக்ஸ் கே1000, அல்லது யாஷிகாமேட் 124ஜி. நான் கே1000 வாங்கினேன், இன்றைக்கும் அதுதான் என் கையில் இருக்கிறது. 124ஜி கீழக்கரை நண்பர் ஒருவருடையது. அவ்வப்போது இரவல் வாங்கிப் படம் எடுத்திருக்கிறேன். ஆகவே அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். என் சாய்வு கே1000 பக்கம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்குக் காரணம் படத்தின் தரம் இல்லை, பராமரிப்பு.

அடிப்படை விவரங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கே1000 1976-இல் வந்து 1997 வரை தயாரான 35 எம்எம் எஸ்எல்ஆர், அதாவது படம் பிடிக்கிற லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கிற கேமரா. முழுக்க மெக்கானிக்கல், துணித்திரை ஷட்டர் (ஃபிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடுகிற பகுதி), 1/1000 நொடி வரை வேகம், பேட்டரி வெளிச்சத்தை அளக்கிற லைட் மீட்டருக்கு மட்டும். 124ஜி 1970-இல் வந்த இரட்டை லென்ஸ் கேமரா. மேலே இருக்கும் லென்ஸில் பார்க்கிறோம், கீழே இருக்கும் 80 எம்எம் எஃப்3.5 லென்ஸ் படம் பிடிக்கிறது. லென்ஸுக்குள்ளேயே இதழ்களாகத் திறந்து மூடும் லீஃப் ஷட்டர், 1/500 வரை. 120 என்கிற அகலமான ஃபிலிமில் 12 சதுரப் படங்கள். இதுவும் பேட்டரி இல்லாமல் ஓடும்.

படம் என்று மட்டும் பார்த்தால் 124ஜி-தான் ஜெயிக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். நெகட்டிவின் பரப்பு 35 எம்எம்-ஐப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். போன் திரையில் பகிரும்போது அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும், ஆனால் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்துப் பாருங்கள். தேவிபட்டினத்தில் கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை நண்பர் எடுத்த படத்தில் வலையின் ஒவ்வொரு முடிச்சும், அவர் கட்டைவிரல் நகத்தின் பிளவும் தனித்தனியாகத் தெரிகின்றன. நெகட்டிவ்களை அதே அளவில் ஒரு தாளில் பிரிண்ட் போடுகிற கான்டாக்ட் ஷீட் போட்டாலும் 12 படமும் ஒரே தாளில், லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) இல்லாமலே பார்த்துப் பேசுகிற அளவில் வந்துவிடும். என்னுடைய 35 எம்எம் கான்டாக்ட் ஷீட்டை வைத்துக்கொண்டு நாலு பேர் ஒரே லூப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அப்புறம், 124ஜி-யில் குனிந்து மேலிருந்து பார்த்து எடுப்பதால் எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேரே கேமரா நீட்டுகிற சங்கடம் இல்லை, சத்தமும் இல்லை. லீஃப் ஷட்டர் என்பதால் 1/500-இலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும்; உச்சி வெயிலில் தலைப்பாகை நிழலில் இருண்டு கிடக்கிற முகத்தை அதை வைத்துத் தூக்கிவிடலாம். கே1000-இல் ஃபிளாஷ் 1/60-க்கு மேல் கிடையாது.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் கே1000? நம் கடற்கரையின் காற்றுதான் காரணம். பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தைத் துரு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, 2025-இல் புதுப்பாலம் திறந்தார்கள். இரும்புப் பாலத்துக்கே அந்தக் கதி என்றால் கேமராவில் இருக்கிற குட்டி ஸ்க்ரூக்களை யோசித்துப் பாருங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் சாரல் தூக்கியடிக்கும், வாடைக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணை) கொந்தளிக்கும். வருஷம் முழுக்கப் பத்திரமான பக்கம் என்று ஒன்று இங்கே கிடையாது. கடல் உப்பில் சமையல் உப்போடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அது காற்றில் ஈரம் குறைவாக இருக்கும்போதும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் மேலே துடைத்துக் காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிற கேமராவுக்குள் உப்பு படிந்த இடம் ஈரமாகவே கிடக்கிறது. கே1000-இன் லென்ஸைக் கழற்றிவிட்டு, அது மாட்டுகிற வளையத்தின் ஸ்க்ரூத் தலைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கிற அரிச்சல்முனை போய் வந்த சில நாளில் அந்த வெட்டுக்குள் வெள்ளையாக மெல்லிய படலம் பூத்திருக்கும். டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த துணி நுனியால் ஒரு முறை, உடனே காய்ந்த துணியால் ஒரு முறை எடுத்துவிட்டால் முடிந்தது.

உப்பைவிடப் பெரிய எதிரி ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டுப் படரும். ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் பிரித்துத் துடைத்து எடுத்துவிடலாம், விட்டுவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துத் தடம் பதித்துவிடும், அப்புறம் எந்த மெக்கானிக்காலும் அதை மாற்ற முடியாது. இந்த ஈரத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் ஏதோ ஒரு லென்ஸ் போகத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டே நான் கேமரா தேடினேன். அப்படிப் பார்த்தபோது கேள்வி எளிதாகிவிட்டது: லென்ஸ் போனால் கேமராவும் சேர்ந்து போகுமா, போகாதா?

கே1000-இல் லென்ஸ் ஒரு சின்னத் திருப்பில் கையோடு வந்துவிடும். அபர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் போகிற துவாரம்) முழுக்கத் திறந்து, பின்னால் டார்ச் அடித்து, இரண்டு பக்கமும் பார்க்கலாம். மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். கெட்டுப்போயிருந்தால் 50 எம்எம் எஃப்2 ஒன்று பழைய சந்தையில் எளிதாகக் கிடைக்கும். பென்டாக்ஸின் லென்ஸ் மாட்டுகிற அமைப்பான கே மவுன்டை ரிகோ, சினான் போன்ற மற்ற கம்பெனிகளும் எடுத்துக்கொண்டதால் அவர்களுடைய லென்ஸ்களும் பொருந்தும். அபர்ச்சர் வளையம் இருக்கிற பிற்காலப் பென்டாக்ஸ் லென்ஸையும் மாட்டலாம். பாடி அப்படியே இருக்கும்.

124ஜி-யில் லென்ஸ்தான் கேமரா. அமுக்கியிருக்கும் வரை திறந்தே இருக்கிற "பி"-யில் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு, பின் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம், அது உண்மை. முன்பக்கக் கண்ணாடித் தொகுதியைத் திருகி எடுக்கவும் முடியும். ஆனால் பின்தொகுதிக்கும் ஷட்டருக்கும் நடுவில் ஏறிவிட்டால் தெரிந்த மெக்கானிக் வேண்டும், அதற்கு இங்கிருந்து மதுரையோ சென்னையோ போக வேண்டும், அங்கேயும் இந்த வேலை செய்கிற கை குறைந்துகொண்டே வருகிறது. லீஃப் ஷட்டரின் இதழ்கள் மெல்லியவை, பழைய எண்ணெய் கசிந்து அவற்றின் மேல் ஏறினால் ஒட்டிக்கொள்ளும். மேல் லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடிக்கு முன்பக்கம்தான் வெள்ளிப்பூச்சு, ஈரத்தில் அது ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும், அழுத்தித் துடைக்கவும் கூடாது. சாரல் படாமல் லென்ஸுக்கு முன்னால் ஃபில்டர் போடலாம் என்றாலும் கே1000-இன் 50 எம்எம் லென்ஸுக்கு வேண்டிய 49 எம்எம் ஃபில்டர் சாதாரணமாகக் கிடைக்கிறது, 124ஜி-க்கு வேண்டிய பே 1 என்கிற தனி அளவு ஃபில்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. லென்ஸ் கழலும் என்பதே மணல் உள்ளே போகிற வழியும்தான். தனுஷ்கோடிக் காற்றில் லென்ஸ் மாற்றினால் மிரர் பெட்டிக்குள் மணல் போய்ச் சேரும். நான் கரையில் லென்ஸ் மாற்றுவதே இல்லை, ஒரு லென்ஸோடு போய் ஒரு லென்ஸோடு வருகிறேன். நாலு லென்ஸ் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்கிற வாதம் அவ்வளவாகப் பொருந்தாது.

ஃபிலிமைப் பொறுத்தவரை இரண்டுமே தொந்தரவுதான், தொந்தரவு வேறு வேறு. 35 எம்எம் டப்பாவின் வாயில் இருக்கிற வெல்வெட்டில் ஒரு மணல் ஒட்டினால் ரோல் முழுக்கக் கீறல் நீளும். 120-இல் அந்த வெல்வெட் கிடையாது. ஆனால் 120-இன் பின்னால் இருக்கிற காகிதம் ஈரத்தைக் குடிக்கும், அது நெகட்டிவில் புள்ளி புள்ளியாகவோ எண்களாகவோ பதிந்துவிடுவது உண்டு. எடுத்து முடித்த 35 எம்எம் ரோல் உலோக டப்பாவுக்குள் திரும்பிப் போய்விடுகிறது, 120-ஐயோ ஒரு பசைக்காகிதம்தான் இறுக்கிப் பிடித்திருக்கிறது. எந்த ஃபிலிமாக இருந்தாலும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பிரிக்காதீர்கள். மூடிய டப்பாவோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் காற்றுக்கு ஃபிலிம் மேலேயே வேர்த்துவிடும்.

எண்ணிக்கை விஷயம் என் மாதிரி ஆட்களுக்கு முக்கியம். கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போனால் ஒருவரை எடுத்துவிட்டு வர முடியாது. கயிறு பிடித்த அத்தனை பேரும் நிற்பார்கள், கரையில் மீன் வாங்க வந்தவர்களும் வந்து சேருவார்கள், அடுத்த முறை போகும்போது "தம்பி, எங்க போட்டோ எங்க?" என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், அது அவர்கள் படம். 35 எம்எம் ரோலில் 36 படம் இருப்பதால் எல்லோருக்கும் ஒன்று எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். 12 படத்தில் அது முடியாது, ரோல் விலையோ ஏறக்குறைய ஒன்றுதான். பாம்பன் பக்கம் பாசி எடுக்கிற பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு தண்ணீரிலிருந்து ஏறி வரும் நேரத்தில் நான் எடுத்த வரிசைப் படங்களைத்தான் எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் பேசினோம். அதில் நல்ல படம் கடைசியில்தான் வந்தது, அதற்கு முன்னால் போனதெல்லாம் பழகுவதற்காக. 124ஜி கையில் இருந்திருந்தால் அந்த நேரத்தில் நான் ரோல் மாற்றிக்கொண்டு நின்றிருப்பேன்.

லைட் மீட்டரும் கே1000 பக்கமே. அதற்கு வேண்டிய எல்ஆர்44 பேட்டரி எந்த வாட்ச் கடையிலும் உண்டு. ஆஃப் சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால் சரி. 124ஜி-யின் மீட்டர் 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்தது, அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 ஜிங்க்-ஏர் பேட்டரியை வளையம் வைத்துப் போடலாம், ஆனால் ஸ்டிக்கரை உரித்தபின் அது அதிக நாள் வராது. வெயில் பட்டவர்த்தனமாக அடிக்கிற நம் ஊரில் மீட்டர் இல்லாமலும் எடுக்கலாம்: ஐஎஸ்ஓ 400 ஃபிலிம், அபர்ச்சர் எஃப்16, ஷட்டர் 1/500. வெள்ளை மணலிலும் வாலிநோக்கம் உப்பளத்திலும் எந்த மீட்டரும் ஏமாறும். உப்புக் குவியலைச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும், ஒன்றரை ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டிக் கொடுங்கள்.

மற்ற கேமராக்களைப் பற்றி ஒரு வார்த்தை. யாஷிகா எலெக்ட்ரோ 35-இன் லென்ஸ் அருமை, ஆனால் ஷட்டரே எலெக்ட்ரானிக். பேட்டரி வயரில் பச்சை பூத்தால் எஞ்சுவது ஒரே ஒரு வேகம்தான். கடற்கரைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். நிக்கான் எஃப்எம்2-வின் உலோகத் திரை இந்த ஈரத்துக்குத் துணித்திரையைவிட நல்லது என்று தோன்றுகிறது, ஆனால் நான் அதை வைத்துப் பழகியதில்லை, விலையும் கூட. வீட்டுப் பரணில் பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுவும் 120 ஃபிலிம்தான், இன்றைக்கும் படம் எடுக்கும்.

எதை வாங்கினாலும் வைக்கிற இடம் முக்கியம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, ரொம்பக் காயவைத்தாலும் உள்ளே இருக்கிற கிரீஸுக்கு ஆகாது. ஜெல் நிறம் மாறினால் சமையலுக்குப் பயன்படுத்தாத வாணலியில் சூடாக்கித் திரும்பப் போடலாம்.

இவ்வளவுக்கும் அப்புறம் சதுரப் படம்தான் வேண்டும் என்றால், 124ஜி-யை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரு நொடியிலும் அரை நொடியிலும் ஷட்டரைப் பல தடவை அமுக்கி இதழ்கள் தயங்காமல் மூடுகின்றனவா என்று பாருங்கள். இதழ்கள் மேல் எண்ணெய் மினுக்கம் தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கதவு ஓரத்து ஃபோம் பிசுபிசுவென்று ஒட்டினால் கவலையில்லை, அது எல்லாப் பழைய கேமராவிலும் அப்படித்தான். கறுப்பு உல்லன் நூலை ஒட்டி நீங்களே சரிசெய்துகொள்ளலாம். கூடவே வருகிற தோல் உறையில் மட்டும் கேமராவை வைக்காதீர்கள். அந்தத் தோல்தான் ஈரத்தைப் பிடித்து வைத்து ஃபங்கஸை வளர்க்கிறது.