பதின்மூன்று கண் பாலத்துக்குப் பொருள் தேடிய கதை

கொல்லத்துக் கடையில் வாங்கிய பால்சா (மிக லேசான ஒரு மரம்) பலகைகளைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். இரண்டு வாரம் ஆகியும் மனம் ஆறவில்லை.

எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. பதினாறு ஆண்டுகளாக இங்கிலாந்தில் இருக்கிறேன். ஓய்வு நேரத்தில் சிறு அளவு ரயில் மாதிரிகள் செய்வேன். இந்தக் கோடையில், செங்கோட்டை–கொல்லம் மலைப்பாதையில் உள்ள கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தை, 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய அந்த மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) பாதையோடு சேர்த்து, 148-இல் ஒரு பங்கு அளவில், ஊரிலேயே இருந்து செய்து முடிப்பது என்று முடிவெடுத்திருந்தேன். பெரியப்பா அந்தப் பாதையில் கேங்மேனாக, அதாவது தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளியாக, வேலை பார்த்தவர். 2010-இல் மீட்டர் கேஜ் வண்டி நின்றபோது அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பெரியம்மா இன்றும் சொல்வார். அவர் கண் நன்றாகத் தெரியும்போதே பாலத்தை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

மலைப்பாதையில் ரயிலிலேயே போனேன். அகலப் பாதையாக மாறி 2018-இல் மீண்டும் திறந்த தடம் அது. பகவதிபுரம் தாண்டி, ஆரியங்காவுக் குகை தாண்டி, நான் செய்யப்போகிற பாலத்தின் மேலேயே போய்ப் பொருள் வாங்கப் போகிறேன் என்ற மகிழ்ச்சியில் புனலூர் வரை உட்காரவே இல்லை. கொல்லத்தில் கைவினைப் பொருளுக்கென்றே இரண்டு மாடியில் ஒரு கடை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். உள்ளே நுழைந்து அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாள் கேட்டேன். முதலில் கண்ணாடி போன்ற ஒரு தாள் வந்தது, அடுத்து ஜிகினா ஒட்டிய ஃபோம் தாள் வந்தது, அதற்கடுத்து, “எந்த கிளாஸ் புராஜெக்ட் சார்?” என்ற கேள்வி வந்தது. பள்ளிக்கூடப் புராஜெக்டுக்கு எரிமலை, சூரிய மண்டலம், மழைநீர் சேகரிப்பு என்று செய்து முடித்தே அடுக்கி வைத்திருக்கிறார்கள். செய்வதற்கு வேண்டிய பொருள்தான் இல்லை. வெட்டுக்கத்திக்குப் பிளேடு தனியாகக் கிடையாது. பன்னிரண்டு உருப்படி உள்ள இறக்குமதிப் பெட்டியை முழுதாக வாங்க வேண்டும், விலை 1,450 ரூபாய்.

கடைசியில், 2 மில்லி என்று அச்சடித்து ஒட்டிய உறைக்குள் ஐந்து பால்சா பலகைகளை, பாலத்தின் உட்கூட்டுக்காக, 640 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து வெர்னியர் வைத்து அளந்தால் மூன்றுதான் 2 மில்லி. மற்ற இரண்டும் 3 மில்லி, அதிலும் ஒன்று வாழை மட்டை போல வளைந்திருந்தது. ஒரு மில்லிதானே என்று வீட்டில் கேட்டார்கள். என் பாலத்தில் ஒரு மில்லி என்றால் உண்மைப் பாலத்தில் கிட்டத்தட்ட பதினைந்து சென்டிமீட்டர். மறுநாள் முழுவதையும் செலவழித்து மீண்டும் கொல்லம் போனேன். “பில் சரிதான் சார், ஆனா கவர் பிரிச்சாச்சே” என்றார் கல்லாவில் இருந்தவர். பிரிக்காமல் எப்படி அளப்பது என்று நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதே பதில். நான் இருக்கும் ஊரில் இதே பொருளை ஒரு மாதம் கழித்துக் கொண்டுபோனாலும் மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். பணம் பெரிதில்லை. அளவைப் போட்டு விற்கிறவருக்கு அந்த அளவின் மீது அக்கறை இல்லாமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் எங்கள் பஜாரில் கலர் பேப்பர் விற்றவர்கூடத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்.

பால்சாவை ஒதுக்கி வைத்துவிட்டு ஊருக்குள்ளேயே தேடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விடிந்தது. ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கும் கடையில், கல்யாண வளைவுகளுக்கு எழுத்து வெட்டியபின் மிஞ்சிய சன்போர்டுத் துண்டுகள் மூலையில் சாக்கு சாக்காகக் கிடந்தன. இங்கிலாந்தில் கல் கட்டட மாதிரிகள் செய்கிறவர்கள் தேடி வாங்குகிற பிவிசி நுரைப் பலகையேதான் அது. 3 மில்லியும் இருந்தது, 5 மில்லியும் இருந்தது. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு இழுத்தால் கல் வரிசை அப்படியே பதிகிறது. “குப்பைக்குப் போறதுக்கு எதுக்கு காசு தம்பி” என்ற அண்ணாச்சியிடம் வற்புறுத்தித்தான் ஐம்பது ரூபாயைக் கொடுத்தேன். உட்கூடும் வெளிச்சுவரும் அதிலேயே முடிந்தன.

மீட்டர் கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினின் மாதிரிக்கு வேண்டிய கைப்பிடிக் கம்பிகளுக்கு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனேன். அங்கு நடந்ததை என்றும் மறக்க மாட்டேன். கால் மில்லி கம்பி வேண்டும் என்றதும் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சுருள்களில் ஒன்றை எடுத்து, நுனியை மைக்ரோமீட்டரில் கவ்வி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். 0.25. “33 கேஜ்” என்றார், கம்பியின் தடிமனைச் சொல்லும் எண் அது. ஐம்பது கிராம் நிறுத்து அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார். என் கணக்கில் அது நூறு மீட்டருக்கு மேல் வரும். இங்கிலாந்தில் பித்தளைக் கம்பியைக் கண்ணாடி போன்ற குழாயில் போட்டு நான்கு துண்டு மூன்று பவுண்டு என்று விற்கிறார்கள்.  ஒரு நுனியைப் பட்டறைப் பிடியில் மாட்டி மறு நுனியைக் குறடால் மெல்ல இழுத்தால் கம்பி நூல் பிடித்ததுபோல் நேராகிவிடும், உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சும் போய்விடும் என்பதையும் அவரே செய்து காட்டினார்.

பொன் வேலை செய்யும் ஆசாரி ஒருவர் தம் பழைய சாமணத்தையும் கவராயத்தையும் மூன்று நாள் இரவல் கொடுத்தார். பதின்மூன்று வளைவுகளையும் அந்தக் கவராயத்தால்தான் வரைந்தேன். தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லிக்கு, வீடு கட்டுகிற பக்கத்து மனையிலிருந்து எம்-சாண்ட் ஒரு கைப்பிடி எடுத்து டீ வடிகட்டியில் சலித்து, ஃபெவிகாலில் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் கலந்து ஒட்டினேன். தண்டவாளம் மட்டும் நான் இங்கிலாந்திலிருந்து கொண்டுபோன 6.5 மில்லி தடம். மீட்டர் கேஜை 148-ஆல் வகுத்தால் வருவது 6.76 என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

வண்ணம் பூசிய அன்று பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு வளைவுகளின் உச்சியை விரலால் தொட்டு, “மழைக்காலத்துல இங்கன எல்லாம் நீர் கசியும், பாசி கருப்பா இறங்கும். நீ சுத்தமா விட்டுட்டியே” என்றார். கறுப்பில் துளி பச்சை கலந்து, அவர் காட்டிய ஒவ்வோர் இடத்திலும் பூசினேன். பதினோராவது கண்ணை முடிக்கும்போது மின்சாரம் போய்விட்டது. மீதி இரண்டையும் அவர் டார்ச் பிடிக்கப் பூசி முடித்தேன்.