தோட்டத்து மரத்தில் வைரியா, அக்காக்குயிலா?

வேம்பிலோ முருங்கையிலோ சாம்பல் நிறப் பறவை ஒன்று சட்டென்று வந்து அமர, அணில்கள் கீச்சிட, தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தத் தொடங்கினால், வேட்டைப் பறவை ஏதோ வந்துவிட்டது என்றே எவரும் எண்ணுவர். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் அது பெரும்பாலும் வைரியாகவே இருக்கும். ஆயினும் ஏறத்தாழ அதே உருவமும் நிறமும் பறக்கும் பாங்கும் கொண்ட அக்காக்குயிலாகவும் இருக்கலாம். சிறு பறவைகளே இந்த ஒற்றுமையில் ஏமாந்து குயிலைக் கண்டும் எச்சரிக்கைக் குரல் எழுப்புவதால், அவற்றின் பதற்றத்தைச் சான்றாகக் கொள்ள இயலாது.

பலரும் முதலில் நாடுவது மார்பின் கோடுகளை. வளர்ந்த வைரிக்கு மார்பு முதல் வயிறு வரை செம்பழுப்பில் நெருக்கமான மெல்லிய குறுக்குக் கோடுகள் உண்டு. அக்காக்குயிலின் மேல்மார்பில் செம்பழுப்புச் சாயல் பரவியிருக்க, கோடுகள் வயிற்றில் தெளிவாகும். படத்தில் எளிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு இலை நிழலில் பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறது என்பதால், இதை நம்பி முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை. நீளமும் அப்படித்தான்: வைரி 26 முதல் 30 செ.மீ., அக்காக்குயில் சுமார் 34 செ.மீ. என்பது உயரக் கிளையில் இருக்கும் பறவையிடம் உதவாது. கண்ணின் நிறமோ வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மாறுவது. ஆண் வைரியின் கண் சிவப்பாக இருந்தாலும் இளம் வைரியின் கண் மஞ்சள்தான்.

அலகும் காலுமே ஐயத்தைத் தீர்ப்பவை. ஓணானையும் சிறு பறவைகளையும் பிடித்துக் கிழித்துண்ணும் வைரியின் அலகு குட்டையாக, அடியிலிருந்தே கீழ்நோக்கி வளைந்து கொக்கிபோல் முடியும். கம்பளிப்புழுக்களையும் பிற பூச்சிகளையும் தின்னும் அக்காக்குயிலுக்கு அந்தக் கொக்கி தேவையில்லை. அதன் அலகு ஏறக்குறைய நேராகச் சென்று நுனியில் சற்றே வளையும். காலில் இன்னும் தெளிவு கிடைக்கும். வைரிக்கு நீண்ட மஞ்சள் கால், முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று, கூர்மையான வளைந்த நகங்கள்; குயிலுக்குக் குட்டைக் கால், முன்னே இரண்டு விரல், பின்னே இரண்டு. கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் முகத்தோடு நிறுத்திவிடாமல், கிளையைப் பற்றியிருக்கும் விரல்களும் தெரியும்படி எடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதுகுப்புறம் மட்டுமே தெரிந்தால் வாலைப் பார்க்கலாம். வளர்ந்த வைரியின் நடுவால் இறகுகளில் பட்டைகள் அநேகமாக இல்லாததால், மடித்த வால் மேலிருந்து பார்க்க வெறும் சாம்பலாகத் தெரியும். அக்காக்குயிலின் வாலிலோ பட்டைகள் துலக்கமாக இருக்கும், கடைசிப் பட்டை அகன்றிருக்கும், நுனி செம்பழுப்பாக முடியும். கிளையில் வந்து அமர்ந்ததும் வாலைப் பக்கவாட்டில் அசைப்பதும் குயிலின் வழக்கம்.

இளம் பறவைகளிடம்தான் உண்மையான சிக்கல். இரண்டுக்கும் மேலே பழுப்பு, கீழே வெளிர் நிறத்தில் துளித்துளியான பழுப்புக் குறிகள், இரண்டின் வாலிலும் பட்டைகள். இங்கும் அலகையும் விரல்களையும் தவிர வேறு எதையும் நம்ப வேண்டியதில்லை. தவிட்டுக்குருவிகள் அதற்கு இரை ஊட்டுவதைக் கண்டால் மட்டும் அந்தச் சோதனையும் தேவைப்படாது. அவற்றின் கூட்டில் முட்டையிட்டு வளர்க்க விடுவது அக்காக்குயிலே.

குரல் கேட்டால் வேலை இன்னும் எளிது. வைரி கூர்மையான ஈரசைக் குரலில் கத்தும், ஆனால் கரிச்சான் அதை அப்படியே பாவனை செய்யக்கூடும். அக்காக்குயிலின் குரல் மூன்று அசையாகத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் உயர்ந்துகொண்டே போய், உச்சத்தில் சட்டென அறுந்துவிடும். கோடையில் நிலவொளி இரவிலும் கேட்கும். இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் அது பெரும்பாலும் வாய்திறக்காது. ஆகவே குரலைக் கொண்டு பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலி மார்கழியில் பயன்படாமல் போகலாம். அப்போது அலகும் விரலும் தெளிவாக விழுந்த ஒரு படமே போதுமானது.