சோலைவரிப் பதிவேட்டில் அம்மப்பா

ரொறன்ரோவிலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இந்தத் தை மாதம் ஊருக்குச் சென்றபோது, செய்ய வேண்டிய அலுவல்கள் என்று எழுதிக்கொண்டு போன தாளில் முதலாவதாக இருந்தது, வீட்டுக்கு நகர சபை அறவிடும் ஆண்டு வரியான சோலைவரியின் பதிவை அம்மப்பாவின் பெயரிலிருந்து தங்கையின் பெயருக்கு மாற்றுவது. அம்மப்பா காலமாகி முப்பத்தாறு ஆண்டுகள். வீடு அம்மாவுக்குச் சீதனமாகி, அம்மா அதைத் தங்கைக்கு நன்கொடை உறுதியாக, அதாவது நன்கொடைப் பத்திரமாக, எழுதிக்கொடுத்து, இரண்டு உறுதிகளும் காணிப் பதிவகத்தில் முறைப்படி பதியப்பட்டிருந்தும், நகர சபையின் வரி அறிவித்தல் மட்டும் ஆண்டுதோறும் அம்மப்பாவின் பெயருக்கே வந்துகொண்டிருந்தது. வரியைக் கட்டினால் பற்றுச்சீட்டு தருவார்கள், அதில் யாருடைய பெயர் இருந்தால் என்ன என்று நாங்களும் இருந்துவிட்டோம். மேல்மாடி கட்டுவதற்கு அனுமதி கேட்டுத் தங்கை போன அன்றுதான் அந்தப் பெயர் குறுக்கே நின்றது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என நகர சபைகள் மூன்று இருக்கின்றன. எங்களுடையது அவற்றில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முன்னலுவலகத்தில் இருந்த இளம் பெண் விண்ணப்பப் படிவத்தைத் தருவதற்கு முன்னரே, தங்கை கொண்டுவந்திருந்த உறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார். நன்கொடை உறுதியின் பிரதி, நில அளவைப் படம், அடையாள அட்டைப் பிரதி, கடந்த ஆண்டின் வரிப் பற்றுச்சீட்டு எல்லாம் இருந்தன. "ஐயா, இது அம்மாவிடமிருந்து மகளுக்கு. எங்கள் பதிவேட்டில் இருப்பது தாத்தா. தாத்தாவிடமிருந்து அம்மாவுக்கு வந்த உறுதி எங்கே?" என்று கேட்டார். அந்தச் சீதன உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்றேன். எத்தனையோ பேரிடம் இதே பதிலைக் கேட்டுப் பழகியவர் போல அவர் நன்கொடை உறுதியின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, அட்டவணைக்கு மேலே இருந்த ஒரு வரியின் கீழ் பென்சிலால் மெல்லக் கோடிட்டார். அம்மாவுக்கு அந்தக் காணி எவ்வாறு உரித்தானது என்பதைச் சொல்லும் வரி அது. பழைய உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் அதில் இருந்தன. அந்த விவரங்களைக் கொண்டு காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம் என்றார். பல ஆண்டுகளாக எங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்த உறுதியை நாங்கள் ஒருவரும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

பிரதி கிடைக்க ஒரு கிழமை சென்றது. அதன் பின்னர்தான் எனக்குப் பொறுமை குறைந்தது. கோப்பைப் பார்க்க வேண்டிய வருமானப் பரிசோதகர் கள வேலைக்குப் போயிருந்தார், மறுநாளும் போயிருந்தார், மூன்றாம் முறை விடுமுறை. அவருடைய மேசையில் கோப்புகள் நாடாவால் கட்டி அடுக்கப்பட்டிருக்க, பக்கத்து மேசையில் இருந்தவர் அவற்றைத் தொடத் தமக்கு அதிகாரம் இல்லை என்று மரியாதையாகவே சொன்னார். ஒருவரும் கடிந்து பேசவில்லை, ஒருவரும் கையூட்டுக் கேட்கவில்லை, ஆனால் ஒரு கோப்பு ஒரே ஓர் ஆளோடு பிணைக்கப்பட்டிருந்தது. குறுகிய விடுமுறையில் வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, கையொப்பமிட உரியவர் வெளிநாட்டில் இருப்பாரானால் தமக்காக இன்னொருவர் கையொப்பமிட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும் என்பதே. நல்ல வேளையாக எங்கள் அலுவலில் கையொப்பமிட வேண்டியவர் தங்கை. அவர் ஊரிலேயே இருக்கிறார்.

காத்திருந்த நாட்களில் எந்த அலுவலுக்கு எந்தக் கந்தோர் என்பதைப் பற்றி எனக்கிருந்த குழப்பமும் சற்றுத் தெளிந்தது. என்னோடு வாங்கில் இருந்த முதியவர் ஒருவர் பிறப்புச் சான்றிதழுக்காக வந்திருந்தார். அது பிரதேச செயலகத்து அலுவல். அவருக்கு அடுத்தவர் பிரதான வீதியில் இருந்த குழியைப் பற்றி முறையிட வந்தார். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை, சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துக்குரியவை, எஞ்சிய ஒழுங்கைகள்தான் நகர சபையின் பொறுப்பு. மின்கம்பம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துடையது, அதில் தொங்கும் தெருவிளக்கு நகர சபையுடையது. வீட்டு மலசலக் குழி நிரம்பியிருந்ததால் அதை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசர் வண்டிக்கும் அங்கேயே பணம் கட்டினேன். மறுநாள் காலை வந்து வேலையை முடித்துவிட்டார்கள்.

ஒரு நாள் மாதாந்தப் பொதுக் கூட்டம் நடந்தது. செயலாளரிடம் அனுமதி பெற்றுப் பார்வையாளர் வாங்கில் இருந்தேன். 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்த பின்னர் ஈராண்டுக்கு மேலாக உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்கள் நடத்தி, 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலின் பின்னர் மீண்டும் கூடிய சபை அது. முன்னைய கூட்ட அறிக்கை முன்மொழிந்து வழிமொழியப்பட்டது. கணக்கறிக்கை ஐந்து நிமிடத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பின்னர் ஓர் ஒழுங்கையில் மாரி வெள்ளம் வடியவில்லை என்று ஓர் உறுப்பினர் தொடங்க, மதகு தன்னுடைய வட்டாரத்தில் இருக்கிறது, வெள்ளமோ மற்றவருடைய வட்டாரத்தில் நிற்கிறது என்று இன்னொருவர் சொல்ல, மதகை அகலப்படுத்தினால் தண்ணீர் மூன்றாமவரின் வட்டாரத்துப் பள்ளிக்கூட வளவுக்குள் போகும் என்று அவர் எழும்ப, அந்த ஒரு மதகு முக்கால் மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. எனக்கு அது வீண் பேச்சாகத் தோன்றவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அறையில் இருந்த எல்லோரும் வீடு வீடாக அறிந்திருந்தார்கள். நேரில் சென்று பார்த்து அறிக்கை தருமாறு தொழில்நுட்ப உத்தியோகத்தரைப் பணித்துவிட்டு, தவிசாளர் அடுத்த பிரேரணைக்குப் போனார்.

வருமானப் பரிசோதகரை நான்காம் முறை கண்டேன். அவர் வீட்டுக்கு வந்து, மதிலையும் புதிதாகப் போட்ட கொட்டகையையும் பார்த்து, இரண்டு உறுதிகளையும் அளவைப் படத்தோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட அரை மணி நேரம் போதுமாக இருந்தது. கொட்டகை வரி மதிப்பீட்டில் சேரும் என்பதையும் சொல்லிவைத்தார்: வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன கிடைக்கும் என்று விலைமதிப்புத் திணைக்களம் கணிக்கும் ஆண்டுப் பெறுமதியின் மீது, சபை தீர்மானிக்கும் வீதப்படிதான் வரி வருகிறது. ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31 ஆம் திகதிக்கு முன்னர் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. காலாண்டு வரியை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். விமானம் ஏறுவதற்கு முந்திய நாள் முழுத் தொகையையும் கட்டினேன். கழிவு போக, அது நான் கொழும்பிலிருந்து வந்த வானில் கொடுத்த கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தது. பதிவேடு இன்னும் திருத்தப்படாததால் பற்றுச்சீட்டு அம்மப்பாவின் பெயரிலேயே வந்தது. தங்கை அதையும் பழைய பற்றுச்சீட்டுகளோடு சேர்த்து வைத்தார்.

பெயர் மாற்றக் கடிதத்தைத் தங்கை மாசி நடுப்பகுதியில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கட்டட விண்ணப்பம் இப்போது திட்டமிடல் குழுவுக்குப் போயிருக்கிறது.