இங்கிலாந்தின் அரியணைக்கு உரியவர் மட்டில்டாவா, ஸ்டீபனா?

1120-இல் 'வெள்ளைக் கப்பல்' மூழ்கியபோது, இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியின் முறைப்படி பிறந்த ஒரே மகனும் இறந்தான். அதே கப்பலில் ஏறியிருந்த ஸ்டீபன், வயிற்றுப்போக்கால் புறப்படும் முன்பே இறங்கிவிட்டாராம்!

பிறப்புரிமை என்று பார்த்தால் மட்டில்டாவுக்கு நிகரில்லை. மன்னரின் சொந்த மகள். ஜெர்மானியப் பேரரசரின் விதவை. 1127-இல் பிரபுக்கள் அவரையே வாரிசாக ஏற்றுச் சத்தியம் செய்தார்கள், ஸ்டீபன் உட்பட. ஆனால் மறுமணம் இடித்தது. மாப்பிள்ளை பிரான்சின் ஆஞ்சூ பகுதியைச் சேர்ந்த ஜெஃப்ரி, இங்கிலாந்தில் ஆதிக்கம் செலுத்திய நார்மன் பிரபுக்களின் பரம்பரைப் பகையாளி வீட்டுப் பிள்ளை.

ஸ்டீபன் மன்னரின் சகோதரி மகன்தான். இருந்தும் 1135 டிசம்பரில் மாமா கண்மூடியதும் கடல் கடந்து விரைந்து, மூன்றே வாரத்தில் முடிசூடிக்கொண்டார். தம்பி ஹென்றி வின்செஸ்டர் பிஷப் என்பதால் திருச்சபையும் கருவூலமும் கைக்கு வந்தன. வேகத்தில் கெட்டிக்காரர். முடியைக் காப்பதில் அப்படிச் சொல்ல முடியாது. பிரபுக்களை அடக்கத் தெரியவில்லை.

1141-இல் லிங்கன் போரில் ஸ்டீபன் மட்டில்டாவின் படையிடம் சிறைப்பட்டார். மட்டில்டா லண்டன் வரை வந்தும், பணம் கேட்டு நெருக்கியதால் நகரத்தார் முடிசூட்டுக்கு முன்பே விரட்டிவிட்டார்கள். ஆணாக இருந்திருந்தால் அதே கண்டிப்பைக் கம்பீரம் என்றிருப்பார்கள்.

என் ஓட்டு மட்டில்டாவுக்கே. 1153 உடன்படிக்கையில் ஸ்டீபன் சாகும்வரை ஆள, அடுத்த வாரிசாக மட்டில்டாவின் மகனே ஏற்கப்பட்டார். மறு ஆண்டே அவர் இரண்டாம் ஹென்றியாக அரியணை ஏறினார்.