மார்க் 105 காந்த இழுவை மிதவை: ஒரு கருவி மதிப்பீடு

ஹெலிகாப்டரால் இழுத்துச் சென்று கடல் கண்ணிவெடிகளை அகற்றுவதற்காக அமெரிக்கக் கடற்படை உருவாக்கிய கருவிகளில், மார்க் 105 மிதவையையே நான் முதலிடத்தில் வைப்பேன். கண்ணிவெடிகளை வாரி அகற்றச் செல்லும் கப்பலே அவற்றுக்குப் பலியாகக்கூடும் என்பது 1950 அக்டோபர் 12 அன்று கொரியாவின் வொன்சான் கடற்பரப்பில் பைரேட், பிளெட்ஜ் என்ற இரு கப்பல்கள் மூழ்கியபோது கண்கூடானது. ஆட்களை நீரிலிருந்தே விலக்கிவிடுவதுதான் இக்கருவியின் தலையாய சிறப்பு.

ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள இம்மிதவையில் ஒரு கேஸ் டர்பைன் ஜெனரேட்டர் இருக்கிறது. வேகம் பிடித்ததும் அடியிலுள்ள இறக்கை போன்ற தகடுகள் மிதவையை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடுகின்றன; பின்னால் வால்போல் நீளும் கேபிளின் இரு மின்வாய்களுக்கிடையே, கடலின் உப்புநீரையே கடத்தியாகக் கொண்டு பாயும் மின்னோட்டம், பெரிய இரும்புக் கப்பலொன்று கடந்துபோவதைப் போன்ற காந்தப்புலத்தை உண்டாக்குகிறது; கப்பல்தான் வருகிறது என்று ஏமாந்து, காந்தத்தால் தூண்டப்படும் கண்ணிவெடி வெடித்துவிடும். ஒலியால் தூண்டப்படும் கண்ணிவெடிகளுக்காக மார்க் 104 கருவியையும் இதனுடன் பிணைத்துக்கொள்ளலாம்.

1973 பிப்ரவரி முதல் ஜூலை வரை, வட வியட்நாமின் ஹைஃபாங் துறைமுகத்தில் அமெரிக்கா தானே விதைத்த கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் இது சோதிக்கப்பட்டது. மார்ச் 9 அன்று ஒரே ஒரு கண்ணிவெடிதான் வெடித்தது. அதைக் கொண்டு கருவியைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. உள்ளே அமைத்திருந்த காலவரம்பு முடிந்து பெரும்பாலானவை முன்பே செயலிழந்திருந்தன, கப்பல்வழி பாதுகாப்பானது என்று உறுதிசெய்வதே அங்கு வேலையாக இருந்தது. அதே பணியில், நுரை அடைத்து மிதக்கவிட்டு, காந்தமேற்றி, ஆரஞ்சு வண்ணம் பூசிய வெறும் இரும்புக் குழாய்களையும் இழுத்தார்கள். ஆழமற்ற நீருக்கு அந்த எளிய குழாய் மிகப் பொருத்தமான தீர்வு என்பதே என் கருத்து.

குறைகளும் உண்டு. நீரழுத்த மாற்றத்தை உணரும் கண்ணிவெடிகளை இதனால் ஏமாற்ற முடியாது. கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்து பிறகு வெடிக்கும் வகைக்கு ஒரே தடத்தில் பலமுறை இழுக்க வேண்டும். மூக்கைத் தாழ்த்தியபடி மணிக்கணக்கில் இழுப்பதால் ஹெலிகாப்டரின் உடல் கடுமையாகத் தேய்கிறது. மூன்று எஞ்சின்கள் கொண்ட எம்எச்-53ஈ வகைக்கும் இது பெரும் சுமைதான்.

அடுத்த தலைமுறை இழுவைக் கருவிகளை எம்எச்-60எஸ் ஹெலிகாப்டருக்கென வடிவமைத்ததைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. எம்எச்-53ஈயின் உச்ச எடை 31 டன்னுக்கு மேல், எம்எச்-60எஸ்ஸுக்கோ சுமார் 10 டன். பாதுகாப்பாக இழுக்க வலிமை போதவில்லை என்று 2012 வாக்கில் அம்முயற்சி கைவிடப்பட்டது; இழுவையே தேவைப்படாத லேசர் கண்டறிகருவி போன்றவை அந்த ஹெலிகாப்டரில் நிலைத்தன, காந்த, ஒலி வாருதல் ஆளில்லாப் படகுகளிடம் போயிற்று. அலை மோதும் கடலில், திருப்பத்தில், எஞ்சின் ஒன்று நின்றுபோன நிலையில் வடம் தாங்கவேண்டிய இழுவிசையை முதலில் அளந்து, அதன் பிறகே ஹெலிகாப்டரைத் தேர்ந்திருக்க வேண்டும்.