128 ஜிபி என்று விற்ற மெமரி கார்டும் போய்விட்ட பாட்டியின் குரலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்பூட் பட்டணத்தில் கைத்தொலைபேசியும் கணினிச் சாமான்களும் விற்கும் ஒரு கடையில், கடந்த மார்ச் மாதம் 128 ஜிபி என்று அச்சிட்ட மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்றை 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். அதில் 32 ஜிபிகூட இல்லை. அதைத் தெரிந்துகொள்வதற்குள் மூன்று மாதம் போனது, மேலும் 108 வெள்ளி போனது, என் பாட்டியின் குரலும் போனது. இந்த வட்டாரத்தில் யாரும் இப்படி ஏமாறக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். திருவிழாக் கூத்து, தீமிதி, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசலில் கிழவிகள் பாடியது என்று அவர் பதிவு செய்த கேசட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. லயங்களை இடித்தாகிவிட்டது, பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அங்கே வாழ்ந்தவர்களின் குரல் அந்த நாடாக்களில் மட்டுமே மிஞ்சியிருந்தது. அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்ற, அக்காள் மகன் கொடுத்த ராஸ்பெரி பை 4 என்னும் உள்ளங்கை அளவுக் கணினியைப் பயன்படுத்தினேன். சுருக்காமல் பதிவு செய்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட், ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 600 மெகாபைட் ஆகும். பெரிய கார்டு வாங்கியது அதனால்தான்.

சில வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இடையில் இரண்டு பதிவுகள் பாதியில் வெறும் இரைச்சலாக ஒலித்தன. பழைய நாடாதானே என்று விட்டுவிட்டேன். அது கார்டு காட்டிய முதல் அறிகுறி. பாட்டியின் ஒப்பாரி இருந்த நாடா, பதிவு முடிந்து திருப்பிச் சுற்றும்போது அறுந்து கசங்கியது. கோப்பு இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நாற்பது கேசட்டை நெருங்கியபோது ஒரு காலையில் கணினி எழும்பவில்லை. சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தது. பச்சை விளக்கு நான்கு முறை சிமிட்டி, நின்று, மறுபடியும் நான்கு முறை சிமிட்டியது.

கடைக்குக் கொண்டுபோனேன். கார்டில் வேண்டியது ஏதும் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல், கடைக்காரர் அதை அங்கேயே அழித்து இயங்குதளத்தைப் புதிதாக எழுதினார். 30 வெள்ளி. கணினி என் கண் முன்னால் எழும்பியது. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் பதிவுகள் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது. கடையில் நான் நின்ற இடம், அவர் விசையைத் தட்டிய விதம் எல்லாம் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

மிச்சமிருந்த கேசட்டுகளை முதலிலிருந்து பதிவு செய்தேன். மறுபடியும் அதே சிமிட்டல். இம்முறை, "அக்கா, உங்கள் அடாப்டர் சரியில்லை" என்று 48 வெள்ளிக்குப் புதியதை விற்று, இயங்குதளத்தை மறுபடி எழுத இன்னொரு 30 வெள்ளியும் வாங்கினார். மூன்றாம் முறை போனபோது, "பச்சை விளக்கு சிமிட்டுகிறது பாருங்கள், போர்டில் ஷார்ட். இனித் தேறாது. வேண்டுமானால் 50 வெள்ளிக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

கொடுக்கவில்லை. ஈப்போவிலிருந்து வந்த அக்காள் மகன் தன் கார்டை அதே கணினியில் செருகினான். ஒரு நிமிடத்துக்குள் எழும்பியது. பிறகு அவன் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. நான்கு சிமிட்டல் என்றால், தொடக்கத்துக்குத் தேவையான ஸ்டார்ட் கோப்பு கார்டில் கிடைக்கவில்லை என்று பொருள். ஏழு சிமிட்டல் என்றால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் கோப்பு இல்லை. போர்டு செத்திருந்தால் அப்படி எண்ணிச் சிமிட்டவே முடியாது. அடாப்டரும் குற்றவாளி இல்லை. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இந்தக் கணினியின் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். என்னுடையது ஒருநாளும் அணையவில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தில் எஃப்3 என்ற இலவச நிரலைக் கொண்டு கார்டைச் சோதித்தான். அது கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். விண்டோஸில் இதையே எச்2டெஸ்ட்டபிள்யூ செய்யும். ஓர் இரவு ஓடவிட்டோம். விடிந்தபோது, எழுதியதில் கால் பங்குகூடத் திரும்பி வரவில்லை.

போலிக் கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வருவதைச் சில கார்டுகள் வாங்கிக்கொண்டு தொலைத்துவிடும். வேறு சில, தொடக்கத்துக்குத் திரும்பி அங்கே இருப்பதன் மேலேயே எழுதும். கணினி எழும்புவதற்கான கோப்புகள் இருப்பது அந்தத் தொடக்கத்தில்தான். கடையில் நம் முன்னால் எழும்பிய கார்டு வீட்டில் மாதக் கடைசியில் படுத்துவிடும் மர்மம் இதுதான். இயங்குதளம் மட்டும் இருக்கும்வரை சில ஜிபி போதும், பொய் வெளியே வராது. (உண்மையான 128 ஜிபி கார்டும் கணினியில் 119 என்று காட்டுவது உண்டு. அது கணக்கிடும் முறையின் வேறுபாடு, மோசடி இல்லை.)

ஆகவே, புதுக் கார்டு வாங்கினால் எதையும் ஏற்றுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். கணினி எழும்பவில்லை என்றால், நன்றாக இருப்பதாகத் தெரிந்த இன்னொரு கார்டைச் செருகிப் பார்க்காமல் போர்டையோ அடாப்டரையோ மாற்றச் சம்மதிக்காதீர்கள். கார்டில் வேண்டியது இருந்தால், அதன் முழுப் பிரதியை எடுக்கும்வரை யார் கையிலும் கொடுக்காதீர்கள். எனக்கு வலிப்பது அந்த 153 வெள்ளி இல்லை.

சோதனை முடிவை அச்சிட்டுக் கடைக்குப் போனேன். உறையைப் பிரித்துவிட்டதால் உத்தரவாதம் இல்லை என்றார். ரசீதில் "மெமரி கார்டு 1" என்று மட்டும் இருந்தது, கொள்ளளவு இல்லை. நீங்கள் வாங்கும்போது அதை எழுதித்தரச் சொல்லுங்கள். அதே கார்டுகள் அன்றும் கண்ணாடி அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தன.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்கப்போகிறேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கேட்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. கார்டு, உறை, ரசீதுகள், சோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அறுந்த நாடாவையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பழைய கேசட் நாடாவை ஒட்டத் தெரிந்தவர்கள் பேராக்கில் யாராவது இருந்தால் தெரிவியுங்கள்.