எஸ்டிடிபி.ஜேஎல்: நீர், அனல் மின் திட்டமிடலுக்கு ஒரு இலவசக் கருவி

அணை நீரை இந்த மாதமே டர்பைனில் விடுவதா, நிலக்கரியை எரித்து நீரைச் சேமிப்பதா? இதற்கு விடை காணும் எஸ்டிடிபி (SDDP) என்ற கணக்கு முறையை பிரேசிலின் பெரெய்ராவும் பின்டோவும் 1991-இல் வெளியிட்டார்கள். அதை ஜூலியா நிரல்மொழியில் இலவசமாகத் தருகிறது எஸ்டிடிபி.ஜேஎல் தொகுப்பு. ஜூலியாவில் கணித மாதிரி எழுத உதவும் ஜம்ப் (JuMP) பழகியவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். கணக்கைத் தீர்த்துத் தரும் மென்பொருளுக்கு, ஹைஸ் (HiGHS) போன்ற இலவச சால்வரே போதும்.

முதலில் அலகு. கொள்ளளவை வெறும் கன மீட்டரில் கொடுத்தால் எண்கள் பெருத்து சால்வர் திணறும். மில்லியன் கன மீட்டரில் வையுங்கள்: விநாடிக்கு 1 கன மீட்டர் வரத்து, 30 நாள் மாதத்துக்கு 2.592.

மின்பற்றாக்குறைக்கு ஒரு மாறி கட்டாயம் வேண்டும். அதன் விலை, இருப்பதிலேயே செலவு கூடிய அனல் நிலையத்தைவிட அதிகமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வறண்ட மாதத்தில் 'தீர்வில்லை' என்று ஓட்டம் நின்றுவிடும். உபரிநீர் வழிய இன்னொரு மாறி. மொத்தச் செலவு இதற்குக் கீழே போகாது என்று நாம் கொடுக்கும் கீழ்வரம்பை உண்மைச் செலவுக்கு மேலே வைத்துவிட்டால்தான் வம்பு. பிழைச்செய்தி எதுவும் வராது, எப்போது எவ்வளவு நீர் விடுவது என்ற கொள்கை மட்டும் தப்பாக வரும். செலவுகள் எதிர்மறையாகாத மாதிரிக்கு 0 பத்திரம்.

திட்டக் காலத்தின் கடைசி மாதத்தில் இந்தக் கணக்கு அணையைத் துடைத்துக் காலி செய்யும். மீந்த நீருக்கு விலை இல்லையே! கூடுதலாக ஓரிரு ஆண்டு ஓட்டி, அந்த முடிவுகளை ஒதுக்கிவிடலாம். அல்லது எதிர்காலச் செலவைக் குறைத்து எடைபோடும் தள்ளுபடிக் காரணியோடு, கடைசி மாதத்திலிருந்து முதல் மாதத்துக்கே திரும்பும் சுழற்சி வரைபடம் போடலாம்.

பெரிய குறை, நீர்வரத்தை மாதத்துக்கு மாதம் தொடர்பற்றதாகக் கொள்வது. அப்படியே விட்டால் தொடர் வறட்சியைக் குறைத்து மதிப்பிடும். போன மாத வரத்தையும் நிலை மாறியாக, அதாவது ஒரு மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்குக் கடத்தப்படும் மாறியாகச் சேருங்கள். கணக்கு நேரம் கூடும். திரை இடைமுகம் கிடையாது.